பனிமாறியும் என் மாமியாரும்

கல்யாணமான புதிதில் எல்லா மருமகள்களும் கொஞ்சம் நடிக்கிறார்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே நடித்தேன். மலாக்காவின் தங்கா பத்துவில் என் கணவர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பாகற்காய் என்றால் எனக்கு உயிர் (வாயில் வைத்தாலே குமட்டும்). அத்தை எது சொன்னாலும், "சரிங்க அத்தை." என் குரலே அந்த வீட்டில் பாதியாகக் குறைந்திருந்தது. தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நின்றுகொண்டு, அறைச் சாவியைத் தொலைத்துவிட்டுச் சண்டைக்கு வரும் ஆட்களை அடக்குகிறவள் நான் என்றால் அத்தை நம்பியிருக்கமாட்டார்.

ஒன்றை மட்டும் என்னால் விட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையைச் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவோம். வாளை வீசினால் பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்வது என் வேலை. அந்த வாரத்துக்காக நானே ஒரு பேயை உருவாக்கியிருந்தேன். பெயர் பனிமாறி.

பனிக்காலத்தில் மலையிலிருந்து இறங்கி வரும். குளிர் தாங்காமல் கதவைத் தட்டும். வீட்டுக்காரர்கள் யாருக்குக் கதவைத் திறப்பார்களோ, அந்த ஆளின் உருவத்துக்கு மாறிக்கொள்ளும். உள்ளே வந்து அன்பாகப் பேசி, கூடவே சாப்பிட்டு, ஒவ்வொருவர் உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். நெருப்பால் மட்டுமே அழிக்க முடியும். (பனி என்றால் ஐஸ் கச்சாங் கிண்ணத்தில் துருவிப் போடும் ஐஸ் மட்டுமே தெரிந்த மலாக்காக்காரியின் கற்பனை. மன்னிக்கவும்.)

குளிர்காலம் வேண்டுமே! திரைச்சீலைகளை இழுத்து மூடினேன். ஏர்கானை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தேன். மேசையில் ஒரு மெழுகுவர்த்தி. நண்பர்கள் யாழினியும் சதீஷும் வந்துவிட்டார்கள். மூன்றாவது ஆளுக்குக் காய்ச்சல். என் கணவர் குமரன் தேநீருக்குக் கறிபாப் பலகாரம் வாங்கப் போயிருந்தார். தேநீர் கொண்டுவந்த அத்தையைப் பார்த்து யாழினி, "ஆன்ட்டி, ஒரு ஆள் குறையுது. நீங்க வாங்களேன்" என்றாள்.

அத்தை மறுப்பார் என்று நினைத்தேன். போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"பேரு என்னன்னு சொன்ன? பரிமாறியா?"

"பனிமாறி, அத்தை. சீட்டு எடுக்கணும். யார் சீட்டுல பேய்னு இருக்கோ அவங்க மனுஷங்க மாதிரியே நடிக்கணும். கண்டுபிடிக்கிற வரைக்கும் ஒத்துக்கவே கூடாது."

"சரி, குடு." எடுத்துப் பார்த்துப் போர்வைக்குள் செருகிக்கொண்டார். யாருக்கு எது வந்தது என்று எனக்கே தெரியாது. ஊர்த் தலைவியாக நானும் தேட வேண்டும். சுற்றுக்குச் சுற்று எல்லாரும் கண்ணை மூட, பேய் கதையின் ஆட்கள் பட்டியலில் ஒரு பெயரை அடிக்கும்; அந்த ஆள் செத்தார்.

கதையில் ஆட்கள் விறைத்துச் சாகத் தொடங்கினார்கள். சதீஷ் அத்தையை மடக்கினான். "ஆன்ட்டி, நேத்து ராத்திரி நீங்க எங்க இருந்தீங்க?"

"உனக்குத்தான் கஞ்சி காய்ச்சிக்கிட்டு இருந்தேன்லா தம்பி. காய்ச்சல்ல கெடந்தியே, மறந்துட்டியா?"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி வேறு சொன்னான். அடுத்த சுற்றில் அவன் பாத்திரம் விறைத்துச் செத்தது. அத்தைதான் பேய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எழுந்தேன். மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்தேன். ஹோட்டலில் மட்டும் கேட்கும் என் குரல் அந்த வீட்டில் முதல்முறையாக வெளியே வந்தது.

"அன்பா பேசி, சோறு போட்டு, எங்க உயிர உறிஞ்சுற பேயே! எனக்கு அப்பவே தெரியும்! உன்ன விடமாட்டேன்! இந்த வீட்டோட வச்சு எரிக்கப் போறேன்!"

வாசல் கதவு திறந்தது. உம்பாயிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்த பெரியம்மா, அத்தையின் சொந்த அக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். இருட்டு வீடு. போர்வைக்குள் நடுங்கும் தங்கை. எதிரே நெருப்போடு மருமகள்.

அத்தை சிரித்து விளக்குவார் என்று காத்திருந்தேன். அத்தை என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். உதடு துடித்தது.

"பாருக்கா. இவளுக்கு நான் என்ன கொறை வச்சேன்?"

கண்டுபிடிக்கிற வரைக்கும் ஒத்துக்கக் கூடாதாமே!

"ஐயோ, அப்படியில்ல பெரியம்மா! அத்தை பேய்! அதாவது... அத்தை மாதிரி பேய் வந்திருக்கு!"

"மொதல்ல அந்த மெழுகுவத்திய கீழ வைடி" என்றார் பெரியம்மா, என் கண்ணையே பார்த்தபடி. யாழினியையும் சதீஷையும் திரும்பிப் பார்த்தேன். இருவரும் பகடையைப் பரீட்சைத் தாள் மாதிரிக் கூர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா தங்கையை அணைத்துக்கொண்டு, "துணிய எடு, எங்கூடக் கெளம்பு" என்றார். அத்தை நிஜமாகவே எழுந்து அறைப் பக்கம் நடந்தார்!

அந்த நேரத்தில் கறிபாப் பையோடு குமரன் வந்தார்.

"உன் பொண்டாட்டி உங்கம்மாவக் கொளுத்தப் பாக்குறாடா!"

குமரன் மேசையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "ம்மா, நீங்கதான் பனிமாறியா?"

அத்தை போர்வைக்குள்ளிருந்து சீட்டை எடுத்து மேசைமேல் போட்டார். "ஜெயிச்சிருப்பேன். கெடுத்துட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சமையலறைக்குப் போய் அழுதேன். அத்தை பின்னாலேயே வந்தார்.

"நீங்கன்னு நெனச்சு சொல்லல அத்தை, சத்தியமா."

"கொஞ்சம் நெனச்சிருப்ப, பரவால்ல" என்றார். பிறகு, "அந்தப் பேயி பாவம்லா. கதவத் தொறக்கணுமேன்னுதான வேற ஆளா மாறுது?"

அதை உருவாக்கியவள் நான். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

"நான் இந்த வீட்டுக்கு வந்தப்போ எம் மாமியாருக்குப் புடிச்ச மாதிரி சிரிக்கக்கூடக் கத்துக்கிட்டேன். அவங்க போனப்பறம் ஒருநாள் வாய்விட்டுச் சிரிச்சேன். உங்க மாமா பயந்துபோயி எட்டிப் பாத்தாரு." முகம் துடைக்க ஒரு துண்டை நீட்டினார். "இன்னைக்குக் கத்துனியே, அந்தக் கொரல் நல்லாருந்துச்சு. அதையே வச்சுக்க."

மூக்கைச் சிந்திவிட்டு, "சரிங்க அத்தை" என்றேன், கொஞ்சம் சத்தமாக.

அன்றிலிருந்து சொந்தக்காரர் கல்யாணங்களில் நான் போய் உட்கார்ந்தால் யாராவது ஒருவர், "தீ வைக்கிறவ வந்துட்டா, நகந்து உக்காருங்க" என்கிறார். சிரிக்காமல் நகர்கிறவர்களும் உண்டு. பெரியம்மா மட்டும் ரொம்ப நாள் என்னோடு ஜாக்கிரதையாகவே பேசினார். போன மாதம் அத்தைக்குப் போன் செய்து, "இந்த ஞாயித்துக்கிழம எனக்கும் ஒரு எடம் இருக்கா? பேயின்னா வரேன்" என்று கேட்டாராம்.

"அதெல்லாம் சீட்டு எடுத்துத்தான்லாக்கா" என்று அத்தை கறாராகச் சொல்லிவிட்டார்.