பரோலோவுக்கு அவசரமில்லை

தக்கை பாதியில் உடைந்தபோதுகூட செகோந்தோ கலங்கவில்லை. ஒயினை மோந்து பார்த்த பிறகுதான் கலங்கினார். ஆறிப்போன சூப்பின் வாசனை அடித்தது.

மகள் மிரெல்லா பிறந்த வருஷத்துப் பரோலோ ஒயின் அது. அவள் கல்யாணம் பேசும் நாளில் திறக்கவென்று நிலவறையில் படுக்க வைத்திருந்தார். அதன் ஆயுளைப் பற்றி ஊர்க் காப்பிக்கடையில் அவர் அளக்காத நாள் கிடையாது. இப்போது கூடத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் எவாசியோ காத்திருக்கிறார். டூரின் நகர ஒயின் சுவைஞர் சங்கத் தலைவர். தண்ணீரைக்கூடச் சுழற்றி மோந்துவிட்டுத்தான் குடிப்பார்.

"செத்துப்போச்சு," என்றார் செகோந்தோ, சமையலறையில்.

"வேற பாட்டில் எடுங்க," என்றாள் மனைவி பினூச்சா.

"எல்லாம் ஒரே வருஷம்தானே. அதுவும் இப்படித்தான் இருக்கும்."

"அப்ப உள்ளதைச் சொல்லிடுங்க. செப்டம்பர்ல கல்யாணம் முடியணும். உங்க மக வயித்துல இருக்கிறது அக்டோபர் திராட்சை அறுப்பு வரைக்கும்கூட காத்திருக்காது."

செகோந்தோ உள்ளதைச் சொல்லவில்லை. பாட்டிலை ஒரு ஜாடியில் கவிழ்த்து, பீப்பாயிலிருந்து போன வருஷத்து ஒயின் ஒரு கரண்டி எடுத்து அதில் கலந்தார். வாசனை எழுந்தது, நிறம் இளசாகிவிட்டது. நிறத்தைக் கிழடாக்கச் சர்க்கரையைக் கருக்கி ஊற்றினார். இனித்தது. இனிப்பைக் கொல்ல மறுபடியும் பீப்பாய்க்குப் போனார். கடைசியில் ஜாடியில் மகளின் வயசுக்காரப் பரோலோ பேருக்குத்தான் இருந்தது.

எவாசியோ கோப்பைக்குள் மூக்கை விட்டார். பாஸ்தா ஆறும் வரை எடுக்கவில்லை. பிறகு ஒரு மிடறு.

"சம்பந்தி, இந்த வயசுல இவ்வளவு முறுக்கா? நாக்கைப் பிடிச்சு இழுக்குதே. அபாரம்."

செகோந்தோவுக்கு மார்பு விரிந்தது.

"ஆனா இதை இப்பத் திறந்தது பாவம். மத்த பாட்டிலெல்லாம் இன்னும் பத்து வருஷம் தூங்கணும்."

"தூங்கட்டும் சம்பந்தி. கல்யாணத்துக்கு வேற ஒயின்..."

"அதெப்படி? பொண்ணு பொறந்த வருஷத்து ஒயின் பக்குவத்துக்கு வந்த பிறகுதான் எங்க வீட்ல கல்யாணம். பத்து வருஷம் என்ன, கண்ணை மூடித் திறந்தா ஓடிடும்."

மிரெல்லா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். மாப்பிள்ளை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வளர்ப்பு அப்படி.

கலந்ததைச் சொன்னால் சம்பந்தி எழுந்து போய்விடுவார். சொல்லாவிட்டால் பேரன் நாலாம் வகுப்புக்கு லீவு போட்டுவிட்டுத் தாயின் கல்யாணத்துக்கு வருவான். செகோந்தோ வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் ஒயினைத் தானே இகழ்ந்தார்.

"எனக்கென்னமோ இது செத்துப்போன ஒயின்னு தோணுது."

"தன்னடக்கம்," என்றார் எவாசியோ. "பெரிய விவசாயிகளுக்கு எப்பவும் உண்டு."

பினூச்சாவுக்குப் பொறுக்கவில்லை. எவாசியோவின் வீட்டம்மா யொலாந்தா ஓரமாக உட்கார்ந்து ஒயினில் வெந்த இறைச்சியை மென்றுகொண்டிருந்தாள். பினூச்சா அவள் பக்கம் திரும்பினாள்.

"சம்பந்தியம்மா, நீங்களாவது சொல்லுங்க. கட்டின புருஷன்கிட்ட உங்க பேச்சு எடுபடாதா?"

யொலாந்தா நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"கட்டின புருஷனா? நான் பொறந்த வருஷத்து ஒயின்தான் இன்னும் பக்குவத்துக்கு வரலையாமே."