அலை விழுங்கிய மருமகள்

காலை ஏழு மணிக்கே வாசலில் தொடங்கிய வரிசை, தெருமுனை திரும்பி மருந்துக் கடை வரை போயிருந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு குழந்தை. துண்டில் சுற்றிய குழந்தை, தோளில் சாய்த்த குழந்தை, வெயில் படாமல் குடை பிடித்த குழந்தை. கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும், அத்தனையும் வைஃபை பெட்டிகள்.

"உங்களோடதுக்கு என்ன?"

"விட்டு விட்டு வருது. உங்களுக்கு?"

"படம் பாதியில நின்னுடுது. போன வாரம்தான் தொட்டுக் குடுத்தார். மூணு நாள் நல்லா இருந்துது."

"யார் கண்ணாவது பட்டிருக்கும்."

வைஃபைக்குக் கண் படுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடும்.

உள்ளே, கூடத்தின் நடுவில், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அலைஞானி உட்கார்ந்திருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே ஊரில் இடுப்பு இளைக்க பெல்ட் விற்றவர். கட்டியவர்கள் இளைக்கவில்லை, விற்றவர் பெருத்தார். இப்போது அலைகளைக் குணப்படுத்துகிறார். பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்குவார். அதன் தலையில் ஒரு கறுப்புக் கல்லை வைப்பார். கண்ணை மூடி முந்நூறு வரை எண்ணச் சொல்வார். பிறகு கம்பியைச் சொருகுவார். பெட்டி உயிர்த்தெழும், கூட்டம் சிலிர்க்கும். அணைத்துப் போட்டால் சரியாகும் என்று பெட்டியோடு வந்த காகிதத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் காகிதம் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வரவில்லையே.

இதையெல்லாம் நடையின் கோடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் அந்த வீட்டின் சின்ன மருமகள். மறுநாள் அவள் பெட்டி கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும். ஆறு மாதத்துக்கு. உத்தரவு போட்டது அலைஞானி.

அந்த வீட்டை மேலேயிருந்து பார்த்தால் 'ட' எழுத்து மாதிரி இருக்கும். முன்பாதி பழைய கல் கட்டடம். சுவர் ஒவ்வொன்றும் ஒரு முழம் தடிமன். பின்பாதி பிறகு ஒட்டவைத்தது. இரண்டும் சேரும் மூலையில் நடை முழங்கை மாதிரி மடங்கும். கடைக்கோடி அறைதான் சின்னவளுடையது. அங்கேதான் அவளுடைய வேலையும். காது கேளாத மாணவர்களுக்காக, தொலைவில் எங்கோ நடக்கும் கல்லூரி வகுப்பை இங்கிருந்தே கேட்டு, ஆசிரியர் பேசப் பேச எழுத்தாகத் தட்டி அனுப்புவாள். இணைப்பு அறுந்தால் ஒரு வாக்கியம் போகும். வாக்கியம் போனால் அந்தப் பக்கம் ஒரு பெண் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சின்னவளுக்கு அந்தப் பெண்ணின் முகம் தெரியாது. வெற்றுத் திரை மட்டும் நன்றாகத் தெரியும்.

போன மாதம் வகுப்பு இருந்த ஒன்பது நாளும் அறுந்தது. திங்கட்கிழமை ஒரு முழு வகுப்பு அறுபடாமல் ஓட வேண்டும், இல்லாவிட்டால் வேலை வேறொருவருக்கு என்று கம்பெனி எழுதிவிட்டது.

வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. வீடு முழுக்க இணைப்பு பரவட்டும் என்று கணவனின் அண்ணன், கிடங்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், மெஷ் என்கிற வைஃபை செட் வாங்கி வந்திருந்தார். மூன்று பெட்டிகள். வயலில் வரிசையாக நிற்கும் ஆட்கள் மாதிரி, ஒன்று கூப்பிட்டதை அடுத்தது கேட்டு, அதற்கடுத்ததுக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அதனால் ஒன்றின் குரல் மற்றதுக்கு எட்டுகிற இடத்தில் வைக்க வேண்டும். ஆனால் பெரியவர் வேறு கணக்குப் போட்டார். பெட்டி மூன்று, அண்ணன் தம்பி மூன்று பேர். ஆளுக்கு ஒரு பெட்டி. பாகப்பிரிவினை சுமுகமாக முடிந்தது. நடுத் தம்பி வெளியூரில் இருக்கிறார், அறை வருடம் பூராவும் பூட்டிக் கிடக்கிறது. இருந்தாலும் அவர் பங்கு அவர் அறையில்தான் இருக்க வேண்டும். ஆளில்லாத கட்டிலுக்கு இரவு பகலாக இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு பெட்டி. பெரியவர் தன் பங்கை எங்கே வைத்தார் என்பது அப்புறம்.

போன வாரம் அலைஞானியை வீட்டுக்கு அழைத்து வந்தது அவர்தான். வைத்தியத்துக்குக் கூடத்தை விட்டுக் கொடுத்ததும் அவரே. ஞானியின் கையில் ஒரு கருவி. டப்பா மாதிரி இருக்கும், முகத்தில் ஒரு முள். அலைமுள் என்று பெயர். அறை அறையாக நடந்தார். முள் நிமிர்ந்தே இருந்தது. சின்னவளின் அறை வாசலில், அவளுக்கு நேரே வந்ததும், மயக்கம் போட்டது மாதிரி சாய்ந்தது.

"வீட்டுல கோளாறு இல்ல," என்றார் ஞானி. "சில உடம்பு அலையை விழுங்கும். இவங்க உடம்பு அந்த ஜாதகம். சுவருக்குப் பின்னால நின்னாலும் என் முள்ளுக்குத் தெரிஞ்சிடும்."

"அதான் பாத்தேன்!" பெரியவர் தொடையில் தட்டினார். "இவ சரியா பத்து மணிக்கு வேலைக்கு உட்காருவா. சரியா பத்து மணிக்கு எல்லாம் செத்துப்போகும். நானே எத்தனை நாள் கவனிச்சிருக்கேன்!"

அன்று மாலையே முடிவாகிவிட்டது. கணவன் அவளிடம் வந்து, தரையைப் பார்த்துச் சொன்னான்.

"ஆறு மாசம்தானே. போயிட்டு வாயேன். அண்ணன் மனசு கோணாம இருக்கும்."

"என் வேலை?"

"அதான் எப்படியும் போகப்போகுதே."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதுதான் அவளையே பயமுறுத்தியது. கோபத்துக்குப் பதிலாக ஞாபகங்கள் வந்தன. கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் நுழைந்த அன்று கூடத்து விளக்கு அணைந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் கட்டிய கைக்கடிகாரம் பரீட்சையன்று நின்றது. அவள் ஏறிய மின்தூக்கி ஒரு முறை பாதியில் நின்றது. ஒவ்வொன்றாக வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போயின. எரிந்த விளக்குகள், ஓடிய கடிகாரங்கள், ஒழுங்காக ஏறி இறங்கிய மின்தூக்கிகள் ஆயிரம் இருக்கும். அவற்றில் ஒன்றைக்கூட அவள் மனம் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. ஒருத்தியைக் குற்றவாளி என்று நாலு பேர் சொன்னால், ஐந்தாவது ஆளாக அவளே போய் அந்தப் பக்கம் நின்றுகொள்கிறாள். ஒரு வாரம் அவள் கூடத்துக்குள் கால் வைக்கவில்லை. அடுத்தவர் கைபேசி அருகில் இருந்தால் ஒதுங்கி நடந்தாள்.

வரிசை மருந்துக் கடை வரை நீண்டிருந்த இந்தச் சனிக்கிழமை காலை அது மாறியது. காரணம், காயப்போட்ட போர்வைகள்.

நடை மடங்கும் மூலையில், கொடியில் தொங்கிய போர்வைகளை எடுக்கப் போனாள். ஆள் அரவம் கேட்டது. கண்ணில் படக் கூசி, போர்வைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள். அலைஞானி அலைமுள்ளோடு வந்தார். கூட நாலைந்து பேர்.

"இங்க பாருங்க, இந்த இடம் எவ்வளவு சுத்தம்! அலை அப்படியே பொங்குது."

போர்வையின் இடுக்கு வழியாக அவள் பார்த்தாள். முள் நேராக நின்றது. அவளுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கை தூரம், ஒரு போர்வை. ஒரு முழக் கல் சுவர் தாண்டி விழுங்குகிற உடம்பு, பஞ்சுப் போர்வை தாண்டி விழுங்காதா?

அவர்கள் போன பிறகும் அவள் நகரவில்லை. ஒரு வாரமாக வராத கோபம் இப்போது சாவகாசமாக, நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. முள்ளுக்கு அவள் தெரியவில்லை. ஏனென்றால் ஞானிக்கு அவள் தெரியவில்லை.

சமையலறையில் பெரியவரின் மனைவியிடம் போய்ச் சொன்னாள். பெரியவள் கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு உன்னைச் சொன்னான். நாளைக்கு இவருக்கு முட்டி வலிச்சா என்னைச் சொல்ல மாட்டான்னு என்ன நிச்சயம்? வாடி."

கூடத்தில் கூட்டம் நிரம்பியிருந்தது. சின்னவள் நடுவில் வந்து நின்றாள். அருகில் இருந்தவர்கள் தங்கள் பெட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

"ஐயா, நாளைக்கு நான் போயிடுவேன். அதுக்கு முன்னாடி உங்க பெருமையை எல்லாரும் ஒரு தடவை பாக்கட்டும். நடையில போர்வை கட்டுறோம். பின்னால நானோ அக்காவோ, ஒருத்தர் நிப்போம். யாருன்னு உங்க முள் சொல்லட்டும்."

கூட்டம் ஆரவாரித்தது. தங்கள் ஞானி தோற்பார் என்று அதற்குத் தோன்றவே இல்லை. ஞானி மட்டும் வாசல் பக்கம் பார்த்தார்.

"இதெல்லாம் விளையாட்டுப் பண்ற சமாச்சாரமா?"

"சுவருக்குப் பின்னால இருந்தாலும் தெரியும்னீங்களே," என்றார் பெரியவர், உண்மையான பக்தியோடு. "காட்டுங்க சாமி!"

பக்தனை விட ஆபத்தான எதிரி கிடையாது.

வரிசையில் நின்ற தையற்காரர் காசு சுண்டும் வேலையை ஏற்றார். தலை விழுந்தால் சின்னவள், பூ விழுந்தால் பெரியவள். போர்வை ஓரத்தில் நின்று, ஆளை நிறுத்திவிட்டு "ம்" என்பார். பத்து முறை நடந்தது. ஐந்து முறை ஞானி சரியாகச் சொன்னார், ஐந்து முறை தப்பு.

"பாதிக்குப் பாதி சரியாச் சொல்லிட்டாரே!" என்று ஒரு அம்மாள் கன்னத்தில் கை வைத்தாள்.

"அதை என் காசே சொல்லுமே," என்றார் தையற்காரர். "அது கோட்டு கூடப் போடல."

யாரோ சிரித்தார்கள். முதல் சிரிப்பு எப்போதும் ஒற்றையாகத்தான் வரும்.

ஞானி எழுந்து நின்றார். "சந்தேகப்படுறவங்க நடுவுல அலை கூசும். கடைசியா ஒரு தடவை. இந்தத் தடவை தப்பவே தப்பாது."

"ம்," என்றார் தையற்காரர்.

ஞானி கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். முள் மெல்ல நடுங்கி, தடாலென்று படுத்துக்கொண்டது.

"இதோ! இதோ பாருங்க! அவதான்! எப்படி உறிஞ்சுறா பாருங்க, என் கையெல்லாம் மரத்துப்போச்சு!"

தையற்காரர் போர்வையை விலக்கினார். பின்னால் ஒரு தரை துடைக்கும் மாப்பு, சுவரில் சாய்ந்தபடி, சின்னவளின் சாம்பல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு நின்றது. சின்னவளும் பெரியவளும் சமையலறைப் பக்கமிருந்து ஆளுக்கொரு டீ கோப்பையோடு வந்தார்கள். மாப்பு யோசனை பெரியவளுடையது.

"கை மரத்துப்போச்சா, சாமி?" என்றாள் பெரியவள். "டீயைப் பிடிங்க, சூடா இருக்கு."

இந்த முறை சிரிப்பு ஒற்றையாக வரவில்லை. தையற்காரர் கருவியை ஞானியின் கையிலிருந்து எடுத்துத் திருப்பினார். அடியில், கட்டைவிரல் படும் இடத்தில், ஒரு பொத்தான். அழுத்தினார், முள் படுத்தது. விட்டார், எழுந்தது. கருவி கை மாறிக் கை மாறிப் போனது. ஒரு சின்னப் பெண் அதைத் தன் தாத்தாவை நோக்கிப் பிடித்து, "தாத்தாதான் விழுங்குறாரு!" என்று கத்தினாள். அந்தச் சந்தடியில் அலைஞானி கோட்டை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்வாசலைத் தேடினார். 'ட' வீட்டில் பின்வாசல் கண்டுபிடிப்பது லேசல்ல. இரண்டு முறை மாப்பைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

பெரியவர் மட்டும் அசையவில்லை. "அவன் பொய்யனாவே இருக்கட்டும். பத்து மணிக்கு அலை போறது நிஜம்தானே?"

அவர் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பத்து மணிக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நூலகத்துக்குக் கிளம்புவேன்."

"கிளம்புறதுக்கு முன்னாடி?"

அவளே இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, அவர் அறையில் இருந்த இரும்பு பீரோவைத் திறந்தாள். உள்ளே, வீட்டுப் பத்திரங்களுக்கும் பழைய கம்பளிக்கும் நடுவில், தூசி படாமலிருக்கச் சட்டை போர்த்தி, அவர் பங்குப் பெட்டி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. தெருவிலிருந்து வரும் கம்பி நேரே இதற்குள்தான் வருகிறது. பீரோவின் முதுகில் அதற்கென்று துளை போட்டிருந்தார். வீட்டில் இருக்கும்போது செய்தி பார்க்க பீரோவைத் திறந்து வைப்பார். பத்து மணிக்கு, பத்திரம் பத்திரமாக இருக்கட்டும் என்று, பூட்டிவிட்டுப் போவார். இரும்புக்குள் இருந்து கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்?

சின்னவள் அதைத் தூக்கி பீரோவின் மேலே வைத்தாள். பிறகு நடு மைத்துனரின் அறைச் சாவியைக் கேட்டாள்.

"அது அவன் பங்கு!" என்றார் பெரியவர். "நாளைக்கு வந்து கேட்டா?"

"குடுத்துடுவோம், பெரியத்தான். அதுவரைக்கும் மூலையில நிக்கட்டும்."

நடை மடங்கும் முழங்கையில், போர்வைக் கொடிக்குக் கீழே ஒரு முக்காலி போட்டு, அந்தப் பெட்டியை வைத்தாள். அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரியும். கடைக்கோடிப் பெட்டியில் ஒரு மாதமாக அடிக்கடி சிவந்துகொண்டிருந்த விளக்கு, யோசித்துப் பார்த்து, பச்சையானது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு உட்கார்ந்தாள். கடல் நீரோட்டங்களைப் பற்றிய வகுப்பு. பதினோரு மணிக்கு ஆசிரியர் நிறுத்தியபோது அவள் விரல்களும் நின்றன. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரி வந்தது: 'இன்னைக்குத்தான் முழுசாப் படிச்சேன் அக்கா.' அவள் அதை மூன்று முறை வாசித்தாள். பிறந்த வீட்டுக்குக் கட்டிவைத்த துணிப்பெட்டியைக் கணவன் பிரித்துக்கொண்டிருந்தான், தரையைப் பார்த்தபடி. அவள் உதவவில்லை.

மாலையில் பெரியவர் அறை வாசலில் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார். "ஆக, இந்த வீட்டுல அலையை விழுங்குறது யாருமே இல்லைங்கிற?"

"இருக்கு, பெரியத்தான். உங்க பீரோ. ஆனா அதைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பணும்னு யாரும் சொல்லல."

செவ்வாய்க்கிழமை காலை வாசலில் மறுபடியும் ஆள் சத்தம். அன்று கன்னத்தில் கை வைத்த அம்மாள், துண்டில் சுற்றிய பெட்டியோடு நின்றிருந்தாள்.

"அந்த ஆளு போனா போகட்டும். நீங்க தொட்டுக் குடுங்கம்மா. உங்க கைராசியைப் பத்தித்தான் தெருவே பேசுது."

சின்னவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். போன வாரம் விழுங்கினவள், இந்த வாரம் கைராசிக்காரி. இரண்டுக்கும் நடுவில் அவள் எதுவுமே செய்யவில்லை, இரண்டு பெட்டிகளை இடம் மாற்றியதைத் தவிர.

"நான் தொட வேண்டாம். சுவிட்சை அணைச்சுட்டுத் திருப்பிப் போடுங்க. சரியாயிடும்."

"அப்படியா!" அம்மாள் பயபக்தியோடு தலையாட்டினாள். "எந்தத் திசை பாத்து நிக்கணும்?"

"சுவிட்ச் இருக்கிற திசை."

அம்மாள் அதை மறக்காமலிருக்க முணுமுணுத்துக்கொண்டே போனாள். சுவரில் இருக்கும் சுவிட்சுக்கே ஒரு ஞானி வேண்டும் என்கிறவர்கள் நாம். நம் தலைக்குள்ளும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட யார் வரப்போகிறார்கள் என்று இன்னும் எத்தனை நாள் வரிசையில் நிற்கப்போகிறோம்?