ஈரல் சாரும் கேன்டீன் கேசரியும்

எதற்கெடுத்தாலும் ‘ஆகாது’ என்கிற மனிதர், நிஜமாகவே ஆகாத ஒன்றைக் காட்டும் நாளில் அவரை நம்புவது எப்படி? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நான் டைப் அடிக்கும் பெயின்ட் கம்பெனியில், ‘ஈரல் சார்’ என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருக்கும் லேப் கெமிஸ்ட், கீழிமையை இழுத்துப் பார்க்காத ஆளே கிடையாது. காலையில் கேட்டிலேயே நின்று, “கண்ணைக் காட்டு” என்பார். மஞ்சளாக இருந்தால் ஈரல் கெட்டிருக்கிறதாம். என் கல்யாணத்தில் அட்சதை போடுவதற்கு முன் மாப்பிள்ளையின் இமையை இழுத்தார். போட்டோவில் என் கணவர் இன்றும் ஒற்றைக் கண்ணால்தான் முழிக்கிறார்.

லேபில் அவருக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒரு ரசாயனத்தின் அமைப்பை அதில் ஏற்றினால், தெரிந்த விஷங்களோடு ஒப்பிட்டு, ஈரலைக் கெடுக்குமா என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும். நல்ல விஷயம்தான். பெயின்டோடு நிறுத்தினாரா? கொசுவத்தியை ஏற்றினார். ஆகாது. என் நகப்பூச்சை ஏற்றினார். ஆகாது. ஆயுத பூஜையன்று கேசரிக் கலர் பொடியை ஏற்றி, கம்ப்யூட்டர் அடித்துத் தந்த ‘ஆகாது’ தாளை கேன்டீன் அண்டாவிலேயே ஒட்டினார். அதைக் கிழித்து, அதிலேயே கேசரி வாங்கித் தின்றார்கள்.

அடுத்த மாதம், பெயின்ட் தொட்டி கழுவ, பெயின்டைக் கரைக்கும் மலிவான புதுத் தின்னர் ட்ரம் ட்ரம்மாக வந்து இறங்கியது. கழுவுகிறவர் என் கணவர். இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை. ஈரல் சார் அந்தத் தின்னரையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஆகாது. மேனேஜர் மேஜையில் அந்தத் தாளை வைத்தார்.

“கேசரிக்கும் இதத்தானய்யா சொன்னீரு?”

அறையே சிரித்தது. டிக்டேஷன் எடுத்துக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ஒரே வாரத்தில் கம்ப்யூட்டரைச் சம்பளப் பட்டியல் போடத் தூக்கிப்போனார்கள். சாரை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

கிளம்பும் அன்று வீட்டுக்கு வந்தார். ஷிப்ட் முடிந்து தூங்கிய கணவரின் இமையை இழுத்துப் பார்த்தார்.

“இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு. தின்னரை மாத்தச் சொல்லும்மா.” தாளை என் கையில் கொடுத்தார்.

“அந்தக் கேசரியை விட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா சார்? ட்ரம்மையாவது நம்பியிருப்பாங்களே.”

“கேசரியும் ஆகாதுதாம்மா” என்றார்.

மேனேஜர் மேல் கோபம். சார் மேல் அதைவிடக் கோபம். ஆனாலும் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் அவர் இழுத்த மாதிரியே, கட்டைவிரலால் வலிக்காமல், கணவரின் இமையை இழுத்துப் பார்க்கிறேன்.

“வூட்லயும் ஒரு ஈரல் சாரா? வுடும்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

வேறு செக்‌ஷன் கேட்டால் பெர்மனென்ட் கிடைக்காது என்கிறார். கேட்காமல் இருந்தால்? சார் கொடுத்த தாள் என்னிடம்தான் இருக்கிறது. யாரிடம் காட்டினால் சிரிக்க மாட்டார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.