பக்கத்து வீட்டின் மேல் நான் கொடுத்த புகார்

நகராண்மைக் கழகத்துக்குப் புகார் எழுதுவது ஒரு காலத்தில் என் பொழுதுபோக்கு. அடைத்த கால்வாய், எரியாத தெருவிளக்கு என்று எதையும் விட்டதில்லை. (ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியாது என்பார்கள். அதுதான் வசதி.)

கிள்ளான் நகரில் எங்களுடையது, சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு. அந்த வரிசையில் எல்லாரையும் போல நாங்களும் பின்பக்கம் இழுத்துச் சமையலறை கட்டியிருந்தோம். என் மைத்துனர் ஆள் பிடித்து இரண்டே வாரத்தில் முடித்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டு லிம் அங்கிள் பெட்டாலிங் ஜெயாவில் மகன் வீட்டுக்குக் குடிபோய் ஒரு வருடமாகியிருந்தது. கேட்டில் பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது.

அந்தப் பூட்டிய வீட்டிலிருந்துதான் சத்தம் வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு 'டொக்' என்று ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு யாரோ நகத்தால் சுவரைப் பிறாண்டுவது போல நீளமாக ஓர் ஒலி. சில நாளில் எங்கள் சமையலறைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஒருநாள் என் மனைவி புஷ்பா தரையில் வைத்த எலுமிச்சம்பழம் மெல்ல உருண்டு பின்கதவுவரை போய் நின்றது. எடுத்து வைத்தாள். மறுபடியும் போனது. காற்றே இல்லை.

"என்னங்க, லிம் அங்கிள் உயிரோடதான இருக்காரு?" என்றாள்.

போன் செய்தேன். நன்றாகத்தான் இருந்தார். வீட்டில் ஆளே கிடையாது என்றார். எனக்குச் சந்தேகம் முற்றியது. திருட்டுத்தனமாகச் சுவரை இடித்து, அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விடப்போகிறார் என்று முடிவு கட்டினேன். புஷ்பாவோ பூசாரியை அழைக்கலாம் என்றாள், பட்டப்பகலில் அங்கே நின்று சமைக்கவே பயமாயிருக்கிறது என்றாள். நான் சிரித்தேன். படித்தவன் அல்லவா! அனுமதியில்லாத கட்டட வேலை என்று இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதி அனுப்பினேன்.

ஒரு மத்தியானம் இளம் பெண் அதிகாரி ஒருவர் வந்தார், நம்ம தமிழ்ப் பெண். லிம் அங்கிளும் சாவியோடு வந்து கதவைத் திறந்தார். நாற்காலிகள் மேல் வெள்ளைத் துணி. தரையில் ஒரு வருடத் தூசி, அதில் எங்கள் காலடிகள் மட்டும். ஒரு செங்கல்கூட நகரவில்லை. அப்போது 'டொக்' என்றது, எங்கள் வீட்டுப் பக்கமிருந்து.

அதிகாரி நேராக எங்கள் சமையலறைக்கு நடந்தார். பேனாவைத் தரையில் வைத்தார். அது பின்கதவை நோக்கி ஓடியது. அலமாரியை நகர்த்தச் சொன்னார். வீட்டுச் சுவருக்கும் சமையலறைச் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவுக்குப் பிளவு. அதன் வழியே வெளியே இருந்த பூனை ஒன்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அங்கிள், இந்தக் கிச்சனுக்கு பெர்மிட் எடுத்தீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

நான் புஷ்பாவைப் பார்த்தேன். புஷ்பா லிம் அங்கிளைப் பார்த்தாள். அவர் மரியாதைக்காகக் கூரையைப் பார்த்தார்.

"இல்ல."

"அடியில தூண் இறக்காம கட்டிருக்காங்க. மண்ணு உள்வாங்கி, கிச்சன் வீட்ட விட்டுப் பிரிஞ்சு போய்க்கிட்டிருக்கு. வெயில் சூட்டுல விரிசல் விடுற சத்தந்தான் அது. ஆன்டி, இனிமே இங்க நிக்காதீங்க."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் என்று ஊர் சிரிக்குமே என்றுதான் முதலில் தோன்றியது. மறுவாரம் சமையலறையை இடிக்க வந்த வேலையாட்கள் கூரைத் தகட்டைக் கழற்றியபோது, யாரும் தொடாமலே பக்கச் சுவர் சரிந்தது. அடுப்பு இருந்த இடத்தில், புஷ்பா தினமும் நின்ற இடத்தில் விழுந்தது. பயமாயிருக்கிறது என்று சொன்னவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறேனே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

அந்த மாதம் என் பெயருக்கு ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, அனுமதியில்லாமல் கட்டியதற்கு விளக்கம் கேட்டு. மற்றது, அனுமதியில்லாத கட்டடத்தைப் பொறுப்போடு தெரிவித்த குடிமகனுக்கு நன்றி சொல்லி.

நன்றிக் கடிதத்தைப் புஷ்பா கண்ணாடிச் சட்டம் போட்டு வாசல் அறையில் மாட்டிவிட்டாள். தீபாவளிக்கு வரும் லிம் அங்கிள் வருடம் தவறாமல் அதன் முன் நின்று, விருந்தாளிகளுக்கு உரக்க வாசித்துக் காட்டி, எல்லாரையும் கைதட்டச் சொல்கிறார். தட்டுகிறவர்களில் புஷ்பாவும் இருக்கிறாள் என்பதால் நானும் தட்டுகிறேன்.