குடிநீர்க் குழு தளம் தேர்ந்த வரலாறு

மனித குலத்தின் முன்னேற்றத்தில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக வைக்கத் தக்கது, 2008ஆம் ஆண்டு ஊசிப்பாறைக் குடிநீர்க் குழு எடுத்த முடிவு. கொடைக்கானல் மலையில், பூம்பாறைக்கு மேலே நாற்பது வீடுள்ள ஊர் அது. குழுவில் ஏழு பேர். பெண் என்று கந்தம்மாள் ஒருத்திதான்.

அந்தச் சித்திரையில் காட்டுமாடு மிதித்து ஊர்க் குழாய் உடைந்தது. பெண்கள் ஒரு மைல் இறங்கி ஓடைத் தண்ணீரைச் சுமந்தார்கள். குடமும் இடுப்புமாகப் பூண்டுக் காட்டில் ஏறி ஏறிக் கந்தம்மாளுக்கு முட்டி வீங்கிவிட்டது. கூட்டத்துக்குப் போனாள்.

"கொழாய் ஒடஞ்சு கெடக்குங்க. மொதல்ல அதப் பேசுங்க."

செயலாளர் ராஜ்மோகன், கொடைக்கானல் விடுதி ஒன்றில் கம்ப்யூட்டர் பார்த்தவர், புன்னகைத்தார். "அது அஜெண்டாவுல இல்லையேக்கா. இனி அஜெண்டா எல்லாம் இன்டர்நெட்டுல. ஒரே பக்கத்த ஏழு பேரும் ஏழு எடத்துல இருந்து பாக்கலாம், திருத்தலாம். அதுக்கு மொதல்ல ஒரு தளம் முடிவு பண்ணணும்."

தலைவர் சோலைமலை கவலைப்பட்டார். "தளம்னா சிமிண்டு எத்தன மூட்ட ஆகும்?"

"இணையதளம்ண்ணே."

"பள்ளிக்கூடத்துச் செவுத்துல எழுதிப் போட்டா ஊரே பாக்குமே?" என்றாள் கந்தம்மாள்.

"செவுத்துக்குப் பாஸ்வேர்டு கெடையாதேக்கா!"

குழு மெய்சிலிர்த்தது.

மூன்று தளங்கள் பரிசீலனைக்கு வந்தன. ஊரில் கம்ப்யூட்டர் இல்லாததால், 'ஆய்வுக் குழு' வாரந்தோறும் பஸ் ஏறிக் கொடைக்கானல் பிரவுசிங் சென்டருக்குப் போய், பிரியாணி உண்டு திரும்பியது. ஒரு தளத்தில் தமிழெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. "எழுத்து வரிசையா, அழகா இருக்கு" என்று சோலைமலை அதையே ஆதரித்தார்.

ஆனி பிறந்தது. கந்தம்மாள் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் வெள்ளனே ஒரு துண்டுக் குழாயும் பழைய சைக்கிள் டியூப்பும் எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அழகம்மாளோடு மலையேறினாள். இருவருமாக ஒட்டுப்போட்டு இறுக்கிக் கட்டினார்கள். மத்தியானம் ஊருக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதே வாரம் தளம் ஒருமனதாகத் தேர்வாயிற்று. முதல் அஜெண்டாவை அச்செடுத்து வந்து ராஜ்மோகன் எழுந்து நின்று வாசித்தார்: "பொருள் ஒன்று. குழுவின் ஒப்புதலின்றி ஊர்க் குழாயைச் சரிசெய்த உறுப்பினர் கந்தம்மாளிடம் விளக்கம் கோருதல்."

ஆறு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"தப்புத்தானுங்க" என்றாள் கந்தம்மாள். "நாளைக்கே போயி பழையபடி ஒடச்சு விட்டுர்றேன். நீங்க மொறப்படி ஆரம்பிங்க."

யாரும் சிரிக்கவில்லை. ராஜ்மோகன் பேனாவைத் திறந்தார்.

"ரெண்டாவது பொருளாச் சேத்துக்கலாம்க்கா. ஆனா தீர்மானம் ஆகுற வரைக்கும், நீங்களாப் போயி ஒடச்சுறாதீங்க."