மாடு தின்ற செஞ்சிக் கோட்டை

சரித்திரப் பாடத்தைத் தின்கிற பொருளில் செய்து காட்டியவன் திண்டிவனம் தாலுகாவிலேயே பிண்ணாக்கு என்று நாங்கள் கூப்பிட்ட என் வகுப்புத் தோழன் ஒருவன்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் புராஜெக்ட் என்கிறார்கள். எண்பதுகளில் ஒன்பதாவது படித்த எங்களுக்கு அது மாடல்.

முதலில் எகிப்து பிரமிடு. பயல் அச்சுவெல்லத்தில் கட்டிக்கொண்டு வந்தான். மேஜையெங்கும் எறும்பு. சோஷியல் சார் கத்தினார்.

"இன்னாடா இது அசிங்கம்?"

"அதுங்கதான் சார் அடிமைங்க. கல்லு தூக்கிக்கினு போவுது பாருங்க."

சாரே சிரித்துவிட்டார். விழுப்புரம் கண்காட்சிக்கு அவனையே அனுப்புவதாகச் சொன்னார், துணைக்கு என்னையும்.

அவன் அப்பா எண்ணெய் மில்லில் மூட்டை தூக்குகிறவர். "பிரைஸ் வாங்கிக்கினு வா, பத்தாவது படி. இல்லேன்னா என்கூட மில்லுக்கு வா" என்று சொல்லிவிட்டார். அதனால் பயல் உயிரைக் கொடுத்துச் செஞ்சிக் கோட்டை செய்தான். மல்லாட்டை, அதாவது நிலக்கடலைப் பிண்ணாக்கை உடைத்து அடுக்கினால் அசல் செஞ்சிப் பாறை!

"மாடு துன்னுடும்டா" என்றேன்.

"மொகலாயப் படையே வருஷக்கணக்கா வெளிய நின்னுச்சு. மாடு ஏறிடுமா?"

ஏறியது. விழுப்புரத்தில் நாங்கள் புளிசாதம் சாப்பிட்டுக் கண்காட்சிப் பந்தலுக்குத் திரும்பினால், கோட்டையின் ராஜகிரிக் குன்று மாட்டின் வயிற்றில், கிருஷ்ணகிரிக் குன்று வாயில். "ஐயோ, கோட்டைடா!" என்று ஓடினான். நடுவர்கள் வந்தபோது வெறும் பலகைதான் மிச்சம். அப்போதும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினான். "இங்க கல்யாண மகால் இருந்துதுங்க. இது யானைக் குளம்ங்க." நடுவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்கள்.

பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினான். "மாடு துன்னுச்சுன்னா எங்கப்பா நம்புவாராடா?"

நானே மில்லுக்குப் போய்ச் சொன்னேன். அவன் அப்பா முதுகு மூட்டையை இறக்காமலே கேட்டுவிட்டுச் சொன்னார். "மாட்டு மேல தப்பில்ல கண்ணு. அதுக்கும் பசி."

பத்தாவதுக்குப் பள்ளி திறந்தது. அவன் வரவில்லை. ஒருநாள் மில் வாசலில் பார்த்தேன். தலையில் மூட்டை.

"இந்த வருசம் இன்னாடா மாடல்?" என்றான்.

"தஞ்சாவூர் கோயில்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "கேப்பைக் களியில பண்ணுடா. கும்முனு நிக்கும்." உள்ளிருந்து யாரோ ஜல்தி ஜல்தி என்று அதட்ட, ஓடிவிட்டான்.

கேப்பைக் களியில்தான் செய்தேன். மத்தியானத்துக்குள் கோபுரம் சாய்ந்துவிட்டது.

"யார்ரா சொன்னது இப்பிடிச் செய்யச் சொல்லி?" என்றார் சார்.

பிண்ணாக்கின் நிஜப் பெயரைச் சொன்னேன். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற எங்கள் வகுப்பில் அன்று ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை.