இடம் கொடு!

இந்த ஞாயிற்றுக்கிழமை கோல் போட்டே தீருவது என்று சபதம் எடுத்தேன். போடப்போவது நான் இல்லை, எங்கள் கோவில் இளைஞர் அணி. நான் அதற்குக் கோச். ரங்கூனில் நடக்கும் கோவில், பாக்டரி ஆட்டம் எதுவானாலும் என்னைத் தெரியும். பையன்கள் என்னை 'ஸயா' என்பார்கள். பர்மியத்தில் வாத்தியார் என்று அர்த்தம். கேட்டாலே மார்பு விரியும்.

கொஞ்ச நாளாக மார்பு சுருங்கிக் கிடந்தது. வரிசையாக நாலு ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. கோவில் கமிட்டித் தலைவர் சுப்பிரமணியம், பர்மிய மரியாதைப்படி ஊ சுப்பிரமணியம், முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார். "ஞாயித்துக்கிழமை ஷ்வேப்யிதா டீமையும் ஜெயிக்கலைன்னா, முரளிதரனைக் கோச்சாப் போட்டுடுவோம்."

முரளிதரன் என் மனைவியின் தம்பி. உலகத்தில் யார் வேண்டுமானாலும் என் நாற்காலியில் உட்காரட்டும். மச்சினன் உட்காரக் கூடாது!

கோல் விழாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். மறிப்பு சரியில்லை. எங்கள் ரமேஷ்குமார் மலை மாதிரி இருப்பான். எதிராளியை முதுகு கொடுத்து மறித்து நிற்பதுதான் அவன் வேலை. அந்தச் சந்தில் தமிழ்மணி பந்தோடு புகுந்து கோல் போட வேண்டும். ஆனால் ரமேஷ்குமார் கடைசி நொடியில் ஒதுங்கிவிடுவான். எதிராளி நன்றி சொல்லாத குறையாகப் பந்தைக் கொண்டு போவான்.

போன ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த என் மனைவி அம்சவேணி, வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தாள்.

"ஏங்க, அவன் நல்லாத்தான் மறிக்கிறான். நீங்க கத்துறதுதான் கோளாறு."

"நான் கத்தலை. வியூகம் சொல்றேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"இடம் கொடுன்னேன். இடது பக்கம் பந்தைக் கொடுன்னு அர்த்தம்."

"அவன் இடம் கொடுத்தானே! சாமி புறப்பாட்டுல 'இடம் கொடு, இடம் கொடு'ன்னு சொல்றாங்கல்ல? அதான் மரியாதையா ஒதுங்கி நின்னான்."

அப்படியும் அர்த்தம் வருமோ என்று தோன்றியது. காட்டிக்கொள்ளவில்லை.

"வலது பக்கம் போறதுக்கு 'வலம் வா'ன்னேனே, அதுல என்ன குத்தம்?"

"தமிழ்மணி கோல் போஸ்ட்டைச் சுத்தி வந்தானே, பார்க்கலையா? கும்பிடாததுதான் பாக்கி!"

தமிழ்மணிக்குப் பெயரில் மட்டும்தான் தமிழ். வீட்டிலும் வெளியிலும் பர்மியம். கோவிலில் காதில் விழுந்தது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்த தமிழ்.

"பேசாம பர்மியத்துலயே சொல்லுங்களேன்."

"சொன்னா எதிரிக்கும் புரியுமே! தமிழ் நம்ம ரகசிய ஆயுதம்டி."

"ரகசியம்தான். நம்ம பையன்களுக்கே தெரியாத ரகசியம்."

"போட்டாதாங் துறைமுகத்துல கப்பல் சத்தத்துக்கு மேல கத்தி வேலை வாங்குற தொண்டை இது! கோளாறு மறிப்புலதான். என் வாயில இல்லை."

"அந்த வாயிலதான்."

"இல்லை!"

சண்டை இன்னும் முற்றும் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு தயாராக நின்றேன். அம்சவேணி சட்டென்று இறங்கி வந்தாள்.

"சரி, நீங்க சொல்றபடியே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஒரு வார்த்தைகூட குறைக்காதீங்க. அடிவயித்துலேர்ந்து கத்துங்க. முரளி கோச்சானா அவன் அலட்டலையும் உங்க மூஞ்சியையும் சேர்த்து நான்தானே தாங்கணும்?"

கல்யாணமாகி முதல் முறையாக என் கட்சி ஜெயித்தது. அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை பையன்களை வீட்டுக்கு வரவழைத்து எல்லாருக்கும் மொஹிங்கா, அதாவது மீன் குழம்பில் சேமியா, ஊற்றிக் கொடுத்தாள் அம்சவேணி. சாப்பிட்டு முடிக்கும்வரை நான் மறிப்பின் மகிமையைப் பற்றி உரையாற்றினேன். கிண்ணம் கழுவ உள்ளே போனவர்களிடம் அவள் பர்மியத்தில் ஏதோ சொன்னாள். ஒரே சிரிப்பு. உற்சாகம் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கியது.

"இடம் கொடு!" என்று முழங்கினேன். ரமேஷ்குமார் இம்மியும் அசையவில்லை! எதிராளி இடித்தான், தள்ளினான், கடைசியில் தானே கீழே உட்கார்ந்தான். தமிழ்மணி புகுந்தான். கோல்!

"வலம் வா!" என்றேன். தமிழ்மணி எதையும் சுற்றவில்லை. நேரே போய் உதைத்தான். மறுபடியும் கோல்! எதிரிகள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை புரிந்திருக்குமா? அதுதானே ஆயுதம்!

பையன்களுக்கு என்ன ஈடுபாடு என்கிறீர்கள்? ரெஃப்ரி விசில் ஊதிய பிறகும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். அவர் ஓடிப்போய்ப் பனியனைப் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டியிருந்தது. அப்படி ஒரு வெறியை நான் எந்த அணியிலும் கண்டதில்லை.

மூன்றுக்குப் பூஜ்யம்! ஊ சுப்பிரமணியம் என்னைக் கட்டிக்கொண்டார். முரளிதரன் முகம் வதங்கிய வெண்டைக்காய் ஆனது. சந்தோஷத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. கத்திக் கத்தி ஏற்கெனவே பாதி அடைத்துத்தான் இருந்தது.

"பார்த்தியாடி? மறிப்பு சரியானதும் கோல் விழுந்துச்சு. என் சொல்லு ஒவ்வொண்ணும் வேலை செஞ்சுது!"

"ஆமாங்க," என்றாள் அம்சவேணி, ரொம்பப் பணிவாக.

பையன்கள் என்னைத் தோளில் தூக்கினார்கள். மொத்த மைதானமும் கேட்கட்டும் என்று மேலே இருந்தபடியே பர்மியத்தில் கேட்டேன்.

"தமிழ்மணி! ஸயா சொன்னதுல உனக்கு ரொம்பப் பிரயோஜனமா இருந்தது எதுடா?"

அவன் சிரித்தான். இன்னும் சத்தமாகக் கேட்டேன். அதற்கும் சிரித்தான். பிறகு இரண்டு காதிலிருந்தும் பஞ்சை உருவி, அம்சவேணி நீட்டிய கையில் பத்திரமாக வைத்துவிட்டு, என்னை அண்ணாந்து பார்த்தான்.

"இப்பக் கேக்குது ஸயா, சொல்லுங்க."